யாரைக் கேட்டு அழைத்துப் போனான்?

இத்தாலிய நாடகாசிரியர் ஆல்பெர்ட்டோ கசெல்லாவின் 'லா மோர்த்தே இன் வகான்சா' 1924இல் வெளிவந்தது. விடுமுறையில் மரணம் என்பது தலைப்பின் பொருள். மனிதர்கள் தன்னைக் கண்டு ஏன் நடுங்குகிறார்கள், எதைப் பற்றிக்கொண்டு உயிரை விடமாட்டேன் என்கிறார்கள் என்று அறிய விரும்புகிறது மரணம். மூன்று நாள் தன் வேலையை நிறுத்திவிட்டு, இளவரசன் உருவெடுத்து, ஒரு பிரபுவின் மாளிகைக்கு விருந்தாளியாக வருகிறது. அங்கே ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறது. மூன்றாம் நாள் நள்ளிரவில் திரும்பிப் போயாக வேண்டும். தனியாகப் போகுமா, அவளையும் அழைத்துக்கொண்டு போகுமா என்பதே நாடகம்.

நூறு ஆண்டுகளாக இந்தக் கதை கைமாறிக்கொண்டே இருக்கிறது. வால்டர் ஃபெரிஸ் எழுதிய ஆங்கில வடிவம் 1929 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறி 180 காட்சிகள் நடந்தது. 1934இல் பாரமவுண்ட் நிறுவனம் அதை 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே' என்ற படமாக்கியது. 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுத்தார்கள். 1998இல் மார்ட்டின் பிரெஸ்டின் இயக்கத்தில் 'மீட் ஜோ பிளாக்' ஆயிற்று. 2011இல் நியூயார்க்கில் இசை நாடகமாகவும் மேடை கண்டது. இவற்றில் நம் வாசகர்கள் பலர் பார்த்திருக்கக்கூடியது பிராட் பிட் நடித்த 1998ஆம் ஆண்டுப் படம்.

இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது மரணத்தின் ஆசையைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். அழிவே இல்லாத ஒன்று அழியும் உடலுக்குள் புகுந்து காதலைக் கற்றுக்கொள்கிறது என்ற கற்பனையின் கவர்ச்சி அப்படி. இந்தக் கட்டுரை வேறு இரண்டு கேள்விகளைப் பின்தொடர்கிறது. கடைசியில் மரணத்தோடு போவது யார்? போகச் சம்மதமா என்று யாரிடம் கேட்டார்கள்? 1921, 1934, 1950, 1998 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு படங்கள் இதற்கு நான்கு விதமாக விடை சொல்கின்றன. அவற்றின் காதலைவிட இந்த விடைகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

கசெல்லா எந்த நாட்டில், எந்தக் காலத்தில் எழுதினார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இத்தாலி 1915 மே மாதத்தில் முதலாம் உலகப் போரில் இறங்கியது. 1918 நவம்பரில் போர் ஓய்ந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியப் படைவீரர்கள் மாண்டிருந்தார்கள். போர் முடியும் தறுவாயில் வந்த இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயும் திடகாத்திரமான இளவயதினரையே தேடித் தேடி வாரிக்கொண்டு போனது. மூத்தவர்கள் முன்னே, இளையவர்கள் பின்னே என்ற இயற்கையின் வரிசை ஒரு தலைமுறைக்கே குலைந்து கிடந்தது. செத்தவன் உடல்கூட வீடு வந்து சேரவில்லை. 1921 அக்டோபர் 28 அன்று அக்விலேயா ஊரின் பேராலயத்தில், அடையாளம் தெரியாத வீரர்களின் பதினொரு சவப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். போரில் மகனை இழந்து, அவன் உடலையும் காணாத மரியா பெர்காமாஸ் என்ற தாயை அழைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர் தேர்ந்தெடுத்த பெட்டி ரயிலில் ரோம் சென்று, நவம்பர் 4 அன்று, பெயரறியாத அத்தனை பேர் சார்பிலும் அடக்கமாயிற்று.

முகமும் தெரியாமல், விடைபெறலும் இல்லாமல் வந்த சாவு அது. அப்படிப்பட்ட நாட்டில், மூன்றே ஆண்டுகள் கழித்து, மரணத்துக்கு ஒரு முகத்தையும் பெயரையும் கொடுத்து, வீட்டுக்காரரிடம் தங்க அனுமதி கேட்க வைத்தார் கசெல்லா. மரணம் விடுமுறையில் இருக்கும் மூன்று நாளும் உலகில் யாரும் சாவதில்லை, பூக்கூட வாடுவதில்லை. போரைப் பார்த்து வந்த பார்வையாளர்களுக்கு அந்த மூன்று நாள் என்பது ஒரு போர்நிறுத்தம். இந்த நாடகத்தை மேல்தட்டு மாளிகையில் நடக்கும் மாய விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது அநியாயம்.

மரியா பெர்காமாஸ் அக்விலேயாவில் நின்ற அதே 1921 அக்டோபரில், தோற்ற நாடான ஜெர்மனியின் தலைநகரில் ஒரு படம் வெளியானது: ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'டெர் மூட டோட்'. களைத்துப்போன மரணம் என்று சொல்லலாம். லாங் ஆஸ்திரியப் படையில் போரிட்டுக் காயம்பட்டவர். திரைக்கதையை அவரும் தியா ஃபொன் ஹார்போவும் சேர்ந்து எழுதினார்கள். கசெல்லாவின் கதைமரபில் நேரடியாக இது இல்லை. ஆனாலும் மனித உருவில் வரும் மரணத்தைத் திரையில் முதன்முதலாக முழு மனிதனாக்கிய படங்களில் இது ஒன்று என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சிற்றூருக்கு அந்நியன் ஒருவன் வருகிறான். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தைப் பொன் கொடுத்து வாங்கி, அதைச் சுற்றி வாசலே இல்லாத வானளாவிய மதில் எழுப்புகிறான். ஊருக்கு வரும் காதலர் இருவரில் இளைஞன் திடீரென்று காணாமல் போகிறான். ஆவிகளின் கூட்டத்தோடு அவனும் மதிலுக்குள் புகுவதை அந்தப் பெண் பார்த்துவிடுகிறாள். அவள் மரணத்தைத் தேடிப்போய் வழக்காடுகிறாள். பெர்ன்ஹார்ட் கோட்ஸ்கே நடித்த அந்த மரணத்தின் முகத்தில் கொடுமை கிடையாது; நெடுங்காலம் பிறர் கட்டளையை நிறைவேற்றி ஓய்ந்துபோன ஊழியனின் சோர்வு இருக்கிறது. உயிர்களெல்லாம் மெழுகுவர்த்திகளாக எரியும் கூடத்துக்கு அவளை அழைத்துச் செல்கிறான். ஒரு சுடரைக் கையில் ஏந்துகிறான். அது சிசுவாகி, பிறகு இல்லாமல் போகிறது. எங்கோ ஒரு தாய் கதறுகிறாள். சினிமாவில் நான் கண்ட துயரமான காட்சிகளில் இதற்கு முன்னிடம்.

அணையப்போகும் மூன்று சுடர்களில் ஒன்றையாவது காப்பாற்றினால் காதலனைத் திருப்பித் தருகிறேன் என்கிறான். பாக்தாத், வெனிஸ், சீனா என்று மூன்று கதைகள் விரிகின்றன. மூன்றிலும் அவள் தோற்கிறாள். தோட்டக்காரனாக, மூர் இனத்தவனாக, வில்லாளியாக, கொல்பவன் ஒவ்வொரு முறையும் கோட்ஸ்கேயே. ஹாலிவுட் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் இந்தப் படத்தின் அமெரிக்க உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, 1924இல் வந்த தன் 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்துக்குப் பின்பே அதை அங்கே வெளியிடவிட்டார் என்பது சினிமா வரலாற்றில் தெரிந்த செய்தி. சீனக் கதையின் பறக்கும் கம்பளம் அந்த அளவுக்கு அவரை ஈர்த்திருந்தது. இயக்குநர் லூயிஸ் புனுவேலோ தன்னைச் சினிமாவின் பக்கம் திருப்பியதே இந்தப் படம் என்று பின்னாளில் சொன்னார்.

மூன்று கதைகளுக்குப் பின் வரும் முடிவே நமக்கு வேண்டியது. உன் காதலனுக்காக வேறொருவர் உயிரைத் தர முன்வந்தால் ஏற்கிறேன் என்று மரணம் கடைசி வாய்ப்பு தருகிறான். அவள் கிழவர்களிடம் கேட்கிறாள், பிச்சைக்காரனிடம் கேட்கிறாள், நோயில் கிடப்பவர்களிடம் கேட்கிறாள். ஒரு நாள்கூட, ஒரு மணிகூடத் தரமாட்டோம் என்கிறார்கள். அப்போது ஒரு கட்டடம் தீப்பற்றுகிறது. உள்ளே ஒரு கைக்குழந்தை. அவள் நெருப்புக்குள் ஓடிக் குழந்தையை எடுக்கிறாள். எதிரே மரணம் கைநீட்டி நிற்கிறான். குழந்தையைக் கொடுத்தால் காதலன் பிழைப்பான். அவள் கொடுக்கவில்லை. குழந்தையைச் சன்னல் வழியே தாயிடம் இறக்கிவிட்டு, என்னை எடுத்துக்கொள் என்கிறாள்.

வேறொருவர் உயிரைக் கேட்டு வீடு வீடாகப் போவது பழைய கதை. கி.மு. 438இல் ஏதென்ஸில் அரங்கேறிய யூரிப்பிடிஸின் 'அல்கெஸ்டிஸ்' நாடகத்தில் மரணம் ஒரு பாத்திரமாகவே மேடைக்கு வருகிறது. அரசன் அட்மீட்டஸுக்குப் பதிலாகச் சாக அவனுடைய வயதான பெற்றோர் மறுக்கிறார்கள். மனைவி அல்கெஸ்டிஸ் சம்மதிக்கிறாள். ஹெராக்ளிஸ் மரணத்தோடு மல்லுக்கு நின்று அவளை மீட்டு வருகிறான். நம் சாவித்திரியும் லாங்கின் கதாநாயகியைப் போல மரணத்தின் பின்னாலேயே நடந்து வாதாடுகிறவள். அவளுடைய எமன் தர்மத்துக்கும் சொன்ன சொல்லுக்கும் கட்டுப்பட்டவன் என்பதால் அவள் வெல்கிறாள். போருக்குப் பிந்திய பெர்லினில் அப்படி ஒரு வெற்றியைக் காட்ட லாங்கால் முடியவில்லை. ஆனால் ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. படத்தின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பேரம் பேசுவதும் தீர்மானிப்பதும் அந்தப் பெண்தான்.

ஐரோப்பிய ஓவியத்தில் இந்த உரிமை பெண்ணுக்கு இருந்ததில்லை. 1517இல் ஹான்ஸ் பால்டுங் வரைந்து இன்று பாசல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியத்தில், அழுகிய சடலம் ஒன்று இளம்பெண்ணின் கூந்தலைப் பற்றிக் குழியைக் காட்டுகிறது. அவள் கைகூப்பி அழுகிறாள். ஹோல்பைனின் மரவெட்டுப் படங்கள் 1538இல் லியோனில் அச்சானபோது அரசனையும் உழவனையும் எலும்புக்கூடு ஒரே மாதிரிதான் இழுத்துப் போனது. அந்த எலும்புக்கூடு சதை பெற்று, நளினம் பெற்று, பெண்ணிடம் ஆறுதலாகப் பேசத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மத்தியாஸ் கிளாடியுஸின் கவிதைக்கு ஷூபெர்ட் 1817இல் இசையமைத்ததோடு ஐரோப்பாவின் வரவேற்பறைகளில் அது நிலைத்துவிட்டது. கசெல்லாவின் இளவரசன் அந்த வரவேற்பறையிலிருந்து எழுந்து வந்தவன்.

1934ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய மிட்செல் லைசன், செசில் பி. டெமிலிடம் உடை வடிவமைப்பும் கலை இயக்கமும் செய்து வளர்ந்தவர். அந்தக் கைத்திறன் படம் முழுக்கத் தெரிகிறது: பளிங்குத் தூண்கள், நீரூற்று, நிழல் விழும் தோட்டம். சார்லஸ் லாங்கின் ஒளிப்பதிவில் மரணம் முதலில் ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு கருநிழலாக வருகிறது. மாளிகையின் சொந்தக்காரர் லாம்பெர்ட் பிரபுவிடம் மட்டும் தான் யாரென்று சொல்லி, இளவரசன் சிர்க்கி என்ற பெயரில் மூன்று நாள் தங்க இடம் கேட்கிறது. பிரபு வாய்திறந்தால் விருந்தினர்களுக்கு ஆபத்து. ஆகவே வீட்டில் ஒரே ஒருவருக்குத் தெரிந்த உண்மையோடு மூன்று நாள் கழிகிறது.

சிர்க்கியாக நடித்த ஃபிரெட்ரிக் மார்ச், முதல் உலகப் போரில் அமெரிக்கப் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர். இராணுவச் சீருடையும் ஒற்றைக் கண்ணாடியுமாக, எல்லாவற்றையும் முதல்முறை பார்க்கிறவனின் மகிழ்ச்சியோடு நடமாடுகிறார். மகிழ்ச்சிக்கு நடுவே சட்டென்று குரல் தணியும்போது அறையே குளிர்ந்துவிடுகிறது. அவனை மயக்க நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அவன் கண்களுக்குள் கூர்ந்து பார்க்கிறாள். பார்த்ததும் வெளிறிப்போய்ப் பின்வாங்குகிறாள். அவள் கண்டது என்ன என்பதைப் படம் காட்டுவதில்லை. அவள் முகம் போதும்.

சிர்க்கி மனத்தைப் பறிகொடுக்கும் கிராசியா மட்டும் பின்வாங்குவதில்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்த ஈவ்லின் வெனபிளுக்கு அப்போது இருபது வயது. மூன்றாம் இரவில் பிரபு எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறார். கிராசியாவின் தாய், அவளை மணக்க விரும்பும் கொராடோ, மாளிகையில் உள்ள அனைவரும் அவளை விட்டுவிடும்படி சிர்க்கியிடம் மன்றாடுகிறார்கள். அவன் மனமிரங்குகிறான். அவளை ஏமாற்றி அழைத்துப்போக அவனுக்கு விருப்பமில்லை. இளவரசன் உருவைக் களைந்து தன் உண்மைத் தோற்றத்தை அவளுக்குக் காட்டுகிறான். அவள் பதறவில்லை. நீ எனக்கு எப்போதுமே இப்படித்தானே தெரிந்தாய் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு அவனோடு போகிறாள்.

இந்த முடிவு என்னை நெடுநாளாக உறுத்துகிறது. ஓர் இளம்பெண்ணின் சாவைக் காதலின் நிறைவாகக் காட்டுவதை இன்று யாரும் கேள்வி கேட்காமல் ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. கதை தராசைக் கொஞ்சம் சாய்த்தும் வைத்திருக்கிறது. தொடக்கத்திலேயே கிராசியா தேவாலயத்தில் தன்னை மறந்து அமர்ந்திருக்கிறாள். உலகத்தோடு ஒட்டாதவளாகவே அவளைப் படைத்திருக்கிறார்கள். வாழ ஆசைப்பட்டு, அந்த ஆசையையும் மீறி அவள் போயிருந்தால் அது பெரிய துறப்பு. இங்கே அவளுக்கு விட்டுக்கொடுக்க அதிகம் இல்லை. ஆனாலும் படம் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்கிறது. மூடிமறைத்தல் இல்லாமல், முழு உண்மையையும் அவள் முன் வைத்துவிட்டு, பதிலை அவளிடமே விடுகிறது. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் அவளுக்காகப் பேசிய பின்பும் கடைசிச் சொல் அவளுடையது.

1950இல் ழான் கொக்தோ எடுத்த 'ஓர்ஃபே' படத்தில் மரணம் பெண்ணாக வருகிறது. இளவரசி என்று அழைக்கப்படும் அந்த மரணமாக நடித்தவர் மரியா கசாரெஸ். ஸ்பானியக் குடியரசின் பிரதமராக இருந்தவரின் மகள். உள்நாட்டுப் போரால் நாடிழந்து பாரிஸுக்கு வந்தவர். கவிஞன் ஓர்ஃபியஸை இளவரசி காதலிக்கிறாள். இரவில் அவன் கட்டிலருகே வந்து உறங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவளுக்கு மேலே ஓர் அலுவலகமே இருக்கிறது. கறுப்பு உடையில் மோட்டார் சைக்கிள் காவலர்கள், கார் வானொலியில் ஒலிக்கும் சங்கேத வரிகள், விசாரணை மன்றம். நாஜி ஆக்கிரமிப்பையும், லண்டனிலிருந்து பிபிசி அனுப்பிய ரகசியச் செய்திகளையும் மறக்காத பிரெஞ்சு மக்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. குண்டுவீச்சில் இடிந்த செய்ன்-சீர் இராணுவப் பள்ளியின் சிதிலங்களையே இரு உலகங்களுக்கு இடையிலான நிலமாகக் காட்டினார் கொக்தோ.

கட்டளை இல்லாமல் ஓர்ஃபியஸின் மனைவி யூரிடிஸின் உயிரை எடுத்தது இளவரசியின் குற்றம். கடைசியில் அவளே முடிவெடுக்கிறாள்: காலத்தைப் பின்னோக்கித் திருப்பிக் கணவனையும் மனைவியையும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்டனைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். காதலின் விலையை மரணமே கட்டிய ஒரே படம் இது. அந்தத் தம்பதிக்கோ நடந்தது எதுவும் நினைவில்லை. யூரிடிஸ் செத்ததும் பிழைத்ததும் அவளைக் கேட்டு நடந்தவை அல்ல.

இனி 'மீட் ஜோ பிளாக்'. 1934ஆம் ஆண்டுப் படம் 79 நிமிடம். இது 178 நிமிடம். இமானுவேல் லுபெஸ்கியின் ஒளிப்பதிவு, தாந்தே ஃபெரெத்தியின் அரங்கமைப்பு, தாமஸ் நியூமேனின் இசை என்று அக்காலத்தின் மிகச் சிறந்த கலைஞர்கள் ஒன்றுசேர்ந்த படம். செலவு ஏறத்தாழ 9 கோடி டாலர். அமெரிக்காவில் அதில் பாதியளவே வசூலாயிற்று, வெளிநாடுகள் கைகொடுத்தன. விமானங்களுக்கும் தொலைக்காட்சிக்குமாக இரண்டு மணி நேரத்துக்குக் குறுக்கப்பட்ட வடிவத்தில் தன் பெயர் வேண்டாம் என்றார் பிரெஸ்ட். அதில் இயக்குநர் பெயர் ஆலன் ஸ்மிதீ. பொறுப்பேற்க விரும்பாத இயக்குநர்களுக்காக ஹாலிவுட் வைத்திருந்த பொதுப்பெயர் அது.

கதையின் மையம் இடம்பெயர்ந்துவிட்டது. ஊடக நிறுவனம் ஒன்றை உருவாக்கிய பில் பாரிஷுக்கு 65ஆவது பிறந்தநாள் நெருங்குகிறது. நெஞ்சு வலிக்கிறது, ஒரு குரல் கேட்கிறது. மரணம் அவரிடம் பேரம் பேசுகிறது: இவ்வுலகைச் சுற்றிக் காட்டு, அதுவரை உனக்கு அவகாசம். வருவது ஜோ பிளாக் என்ற பெயரில், ஓர் இளைஞனின் உடலில். அதே காலையில் காபிக் கடையில் பில்லின் மகள் சூசனோடு பேசி, இருவர் மனமும் லேசாகச் சாய்ந்து, பிரிந்த அடுத்த நிமிடம் வாகனங்களில் அடிபட்டுச் செத்தவன் அவன். சூசன் மருத்துவர். சாவை அன்றாடம் தொழிலில் பார்க்கிறவள் வீட்டுக்கு வந்த சாவை அடையாளம் காணவில்லை. எழுதியவர்கள் இதை இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாம்.

1934, 1998 ஆகிய இரண்டு படங்களுக்கும் நடுவே பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. ஜோ பிளாக் விடுமுறை எடுப்பதில்லை. ஒரே நேரத்தில் இரண்டிடத்தில் எப்படி இருக்கிறாய் என்று பில் கேட்க, முகம் மழிக்கும்போதே உன் மனம் வேறு திட்டங்களில் இருக்கவில்லையா என்று அவன் பதில் சொல்கிறான். உலகில் சாவுகள் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கின்றன. 1924இன் பார்வையாளர்களுக்கு யாருமே சாகாத மூன்று நாள் தேவைப்பட்டது. 1934இல் அமெரிக்கரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 61 ஆண்டு. 1998இல் ஏறத்தாழ 77. சாவு முதுமைக்கும் மருத்துவமனைக்கும் ஒதுங்கிவிட்டது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் 1977இல் வெளியிட்ட பெருநூலில் சொன்னதும் இதைத்தான்: நவீன சமூகம் சாவைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்டது. அதற்கு முன்பே, 1969இல், எலிசபெத் கூப்ளர்-ராஸ் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசி எழுதிய நூல் அமெரிக்கர்களின் பேச்சையே மாற்றியிருந்தது. நல்ல சாவு என்றால் தெரிந்து, தயாராகி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவது என்ற எண்ணம் பரவியிருந்தது.

பில் பாரிஷின் கதை அந்த நல்ல சாவின் கதை. பில்லாக நடிக்கும் அந்தோணி ஹாப்கின்ஸ் அதை அப்படியே தாங்கி நிற்கிறார். மூத்த மகளிடம் தன் பாசத்தில் இருந்த குறையை ஒப்புக்கொள்ளும் காட்சியிலும், பிறந்தநாள் விருந்தில் சூசனோடு ஆடும் கடைசி நடனத்திலும் அவர் கண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நிறுவனத்தைக் கைப்பற்றும் சதி, ஜோ வருமான வரி அதிகாரியாக நடித்து அதை முறியடிப்பது எல்லாம் நேரத்தை விழுங்கும் பகுதிகள். அவை இல்லாவிட்டால் படம் இளைத்து அழகாகியிருக்கும். படத்தின் உண்மையான உறவு ஜோவுக்கும் சூசனுக்கும் இடையே இல்லை. ஜோவுக்கும் பில்லுக்கும் இடையே இருக்கிறது.

ஜோவை முதல் பார்வையிலேயே இனம் காண்பவர் ஒரே ஒருவர். மருத்துவமனையில் புற்றுநோயோடு கிடக்கும் ஜமைக்கா மூதாட்டி. வலி தாங்காமல், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று அவர் கேட்கிறார். அவன் அவரது ஊர்ப்பேச்சிலேயே பேசுகிறான். பின்னொரு நாள், நீ இங்கே தங்க வந்தவன் இல்லை, நல்ல நினைவுகளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பு என்று அவனுக்கே புத்தி சொல்கிறார். அவர் சம்மதித்த பிறகே அவன் அழைத்துப் போகிறான். மொத்தப் படத்திலும் ஒரு பெண்ணிடம் முறையாகக் கேட்டு, பதில் பெற்று நடக்கும் காட்சி இந்தத் துணைக்கதைதான். அந்தப் பாத்திரத்துக்குப் படம் ஒரு பெயர்கூடத் தரவில்லை.

சூசனை என்ன செய்கிறார்கள்? அவளைத் தன்னோடு கொண்டுபோவேன் என்று ஜோ சொன்னதும் பில் கொதித்துப் போகிறார். வேண்டியதை எடுத்துக்கொள்வது காதல் இல்லை; நம்பிக்கையும் பொறுப்பும் வேண்டும்; நீ யார், அவளை எங்கே கொண்டுபோகிறாய் என்று அவளுக்குத் தெரியவே தெரியாதே என்று வாதிடுகிறார். நூறு ஆண்டுகால மரபு முழுவதற்குமான மிகக் கூர்மையான வாதம் இது. இதைக் கேட்டபின் படத்துக்கு ஒரே வழிதான் இருந்திருக்க வேண்டும்: அவளிடம் சொல்லி, அவளைத் தீர்மானிக்க விடுவது. லைசன் படத்தின் சிர்க்கி அதைச் செய்தான். ஜோ விருந்தன்று சூசனிடம் சொல்ல வந்து, அவள் கண்களில் அச்சத்தின் சாயல் தெரிந்ததும் நிறுத்திக்கொள்கிறான். அவளும் ஏதோ உணர்ந்து, பெயர் சொல்லாமலே விட்டுவிடுகிறாள். தந்தையும் மரணமும் வாணவேடிக்கைக்கு நடுவே சிறு பாலத்தைக் கடந்து போகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து காபிக் கடை இளைஞன் எதுவும் அறியாதவனாகத் திரும்பி வருகிறான். அவளுக்காக இரண்டு ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்கு ஒரு மாற்றாளும் கிடைத்துவிட்டான்.

உயிரோடு இருப்பதன் பக்கம் நிற்கும் முடிவு என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. அறுபத்தைந்து வயதுத் தந்தை போவதும் இளம் மகள் இருப்பதும் குலைந்த வரிசையைச் சரிசெய்கிறது. கிராசியாவைச் சாகவிட்ட 1934ஐவிட இது நாகரிகமானது என்பார்கள். அந்த நியாயத்தை மதிக்கிறேன். எனக்கு உடன்பாடில்லாதது வேறு. சூசன் வாழ வேண்டும் என்பதல்ல சிக்கல். வாழ்வதை அவளே தேர்ந்தெடுத்திருக்கலாம். உண்மையைக் கேட்டு, அழுது, நான் வரமாட்டேன் என்று மரணத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் ஒரு சூசனை, அந்தப் பாத்திரத்தை ஏற்ற கிளேர் ஃபோர்லானியால் நடித்திருக்க முடியும். மூன்று மணி நேரப் படத்தில் அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை.

நான்கு படங்களையும் வரிசையாக வைத்தால் தெரிவது இது. 1921இல் பெண் மரணத்தோடு நேருக்கு நேர் வழக்காடினாள், தானே முடிவு செய்தாள். 1934இல் மற்றவர்கள் வழக்காடினார்கள், முடிவு அவளுடையது. 1950இல் மரணமே பெண்ணாகி முடிவெடுத்தது, மனைவிக்கு நினைவுகூட மிஞ்சவில்லை. 1998இல் பெண் மருத்துவராகவும் தன் காலில் நிற்பவளாகவும் இருக்கிறாள், ஆனால் கேட்கப்படவில்லை. நான்கு படங்களைக் கொண்டு ஒரு நூற்றாண்டின் போக்கை எழுதிவிட முடியாது என்பதை அறிவேன். ஆனால் சமூகத்தில் பெண்ணின் இடம் விரிந்துகொண்டே வந்த காலத்தில், இந்தக் கதைக்குள் அவள் குரல் சுருங்கியே வந்திருக்கிறது. அழகாக எடுக்கப்பட்ட படம் என்பதால் இதை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

போர்ச்சுகீசிய எழுத்தாளர் ஜொசே சரமாகோ 2005இல் வெளியிட்ட 'மரணத்தின் இடைநிறுத்தங்கள்' நாவலில் சாவு நின்றுபோவது, மரணம் காதல்கொள்வது என்ற இந்த மரபின் இரண்டு இழைகளும் மறுபடி ஒன்றுசேர்கின்றன. ஒரு நாட்டில் புத்தாண்டு தினத்திலிருந்து யாரும் சாவதில்லை. கசெல்லா மூன்று நாளில் நிறுத்திக்கொண்ட கற்பனையைச் சரமாகோ மாதக்கணக்கில் நீட்டி, மருத்துவமனையும் காப்பீடும் திருச்சபையும் என்ன பாடுபடும் என்று பார்க்கிறார். சாகவும் முடியாமல் பிழைக்கவும் முடியாமல் கிடக்கும் நோயாளிகளைக் குடும்பத்தினர் எல்லை கடந்து கொண்டுபோகிறார்கள். பிற்பகுதியில் மரணம் பெண்ணுருக்கொண்டு ஒரு செல்லோ இசைக்கலைஞனைத் தேடி வருகிறாள். அவனுக்கென்று எழுதிய சாவோலையைக் கொளுத்திவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக உறங்குகிறாள். காதலுக்காகத் தன் தொழிலையே விட்ட மரணம் அவள்.

இந்தப் படங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் வந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 'மீட் ஜோ பிளாக்'கை மட்டும் பார்த்தவர்கள் 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே'யைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். முடிவோடு உடன்படாவிட்டாலும், ஒரு பெண்ணிடம் உண்மையைச் சொல்லும் துணிவு அதில் இருக்கிறது. இரண்டில் ஹாப்கின்ஸின் நடிப்பு மேலானது. லைசனின் படம் மேலானது.